டிகாஸ் ஆர்.ஏ. வந்தால் எஃப்.டி. இரண்டையும் ஏன் அணைக்க வேண்டும்? எவ்வளவு இழுக்க வேண்டும்?

கேள்வி: ஏ320_பயிலுநர்

அனைவருக்கும் வணக்கம். டிகாஸ் (விமானங்கள் மோதாமல் எச்சரிக்கும் பெட்டி) ஆர்.ஏ. (ஏறு, இறங்கு என்று அது தரும் உத்தரவு) வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கையேடு நாலு வரியில் முடித்துவிடுகிறது. ஆட்டோபைலட் ஆஃப், ஃபிளைட் டைரக்டர் (எஃப்.டி., எப்படி ஓட்டுவது என்று திரையில் கோடு காட்டுவது) இரண்டும் ஆஃப், செங்குத்து வேக ஊசியைப் பச்சைக்குள் கொண்டு போ, தரைக் கட்டுப்பாடான ஏடிசிக்குச் சொல். மனப்பாடம் ஆகிவிட்டது. ஒவ்வொன்றும் ஏன் என்று கேட்டால்தான் பதில் வரவில்லை.

கையால் ஓட்டும்போது எஃப்.டி. கோடுகளைக் கண்டுகொள்ளாமல் விட்டால் போதாதா? அதுவும் இரண்டு பக்கத்திலும் ஏன் அணைக்க வேண்டும்? "கிளைம்ப்" என்றால் மூக்கை எத்தனை டிகிரி தூக்குவது? அதே நேரத்தில் கண்ட்ரோலர் "இறங்கு" என்று சொன்னால் யார் பேச்சைக் கேட்பது, அதை ரேடியோவில் எப்படிச் சொல்வது? டி.ஏ. (ஆர்.ஏ.வுக்கு முன் வரும் எச்சரிக்கை) வந்தவுடனேயே கொஞ்சம் வளைந்து ஒதுங்கிவிட்டால் ஆர்.ஏ. வராமலே போய்விடுமே, அது ஏன் கூடாது?

நான் கேட்பது ஆட்டோபைலட்டே ஆர்.ஏ.வைப் பின்பற்றும் வசதி இல்லாத பழைய ஏ320 பற்றி. தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: சிம்_ஆசிரியர்

தம்பி, எஃப்.டி. கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சிமுலேட்டரில் பலரும் சறுக்குகிற இடம் அதுதான்.

ஏ320இல் எஃப்.டி. என்பது திரையில் தெரியும் இரண்டு கோடுகள் மட்டும் இல்லை. ஆட்டோத்ரஸ்ட் (எஞ்சின் சக்தியைத் தானே வைக்கும் வசதி) எந்த மோடில் இருக்கும் என்பது ஆட்டோபைலட்டும் எஃப்.டி.யும் எந்த மோடில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஓபன் டிசென்டில் (எஞ்சினைக் குறைந்தபட்ச சக்தியான ஐடிலில் வைத்து இறங்கும் மோடு) இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள், மோடுகளைக் காட்டும் திரைப் பகுதியான எஃப்.எம்.ஏ.வில் "த்ரஸ்ட் ஐடில்" என்று இருக்கிறது. அப்போது "கிளைம்ப், கிளைம்ப்" வருகிறது. ஆட்டோபைலட்டை மட்டும் எடுத்துவிட்டு மூக்கைத் தூக்கினால் என்ன ஆகும்? எஃப்.டி. இன்னும் ஓபன் டிசென்டிலேயே இருப்பதால் எஞ்சின் ஐடிலைவிட்டு நகராது. விமானம் ஏறும், வேகம் மளமளவென்று விழும். இதற்கு நேரெதிரானதும் நடக்கும். ஓபன் கிளைம்பில் "த்ரஸ்ட் கிளைம்ப்" இருக்கும்போது "டிசென்ட், டிசென்ட்" வந்தால், முழு ஏறு சக்தியோடு மூக்கைக் கீழே தள்ளுவீர்கள். வேகம் உச்ச வரம்பான வி.எம்.ஓ.வைத் தாண்டப் போகும்.

எஃப்.டி. இரண்டும் அணைந்தால்தான் ஆட்டோத்ரஸ்ட் "ஸ்பீட்" மோடுக்கு மாறி, இருக்கும் வேகத்தைப் பிடித்து வைக்கும். ஒன்று மட்டும் அணைந்தால் மாறாது. அதனால் பி.எஃப். (ஓட்டும் விமானி) "ஃபிளைட் டைரக்டர்ஸ் ஆஃப்" என்றதும் பி.எம். (கண்காணிக்கும் விமானி) தன் பக்கத்துப் பட்டனோடு நிற்காமல் இரண்டையும் அழுத்த வேண்டும். அழுத்தியதும் எஃப்.எம்.ஏ.வின் முதல் கட்டத்தில் "ஸ்பீட்" வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டோத்ரஸ்டைத் துண்டிக்க வேண்டாம். அது வேலை செய்யட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. கோடுகளைப் பின்தொடர்ந்தே பழகிய கண், நெருக்கடியில் தன்னை அறியாமல் அவற்றின் பின்னாலேயே போகும். கோடு கீழே இழுக்கும், பச்சை மேலே இருக்கும். அந்த இழுபறியை மனதுக்குக் கொடுக்கக் கூடாது.

வரிசை இப்படி. "டிராஃபிக், டிராஃபிக்" என்று டி.ஏ. வந்ததும் பி.எஃப். "டிகாஸ், ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று சொல்ல வேண்டும். அதுவரை அவரே ஓட்டிக்கொண்டிருந்தாலும் சொல்ல வேண்டும். அடுத்த அரை நிமிடம் யார் கையில் விமானம் என்பதில் சந்தேகமே இருக்கக் கூடாது. கை சைடுஸ்டிக்கில், கட்டைவிரல் சிவப்பு பட்டன் மேல். வேறு எதையும் தொட வேண்டாம். ஆர்.ஏ. வந்ததும் சிவப்பு பட்டனை அழுத்தி ஆட்டோபைலட்டை எடுங்கள், எஃப்.டி.களை அணைக்கச் சொல்லுங்கள், மூக்கை மெதுவாகவும் உறுதியாகவும் நகர்த்தி, பி.எஃப்.டி. எனும் முதன்மைத் திரையின் வலது ஓரத்தில் இருக்கும் செங்குத்து வேக ஊசியைச் சிவப்பிலிருந்து வெளியே, பச்சைக்குள் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

எத்தனை டிகிரி என்று கேட்டிருந்தீர்கள். முதல் "கிளைம்ப்" அல்லது "டிசென்ட்" கேட்பது நிமிடத்துக்கு 1500 அடிதான். 35,000 அடியில் காற்றில் உண்மை வேகம் 460 நாட் இருந்தால், ஒரு டிகிரி தூக்கினாலே நிமிடத்துக்குச் சுமார் 800 அடி ஏறும். ஆக 2 டிகிரி போதும். 10,000 அடிக்குக் கீழே 250 நாட்டில் 3 முதல் 4 டிகிரி. அப்ரோச் வேகத்தில் 5 முதல் 7 டிகிரி வரை. இந்த மூன்று எண்களும் தலையில் இருக்கட்டும்.

ஜி.பி.டபிள்யூ.எஸ். (தரையில் மோதாமல் எச்சரிப்பது) "புல் அப்" பயிற்சியை முடித்த கையோடு டிகாஸ் பயிற்சிக்கு வருபவர்கள் ஸ்டிக்கை முழுதாக இழுத்துவிடுவார்கள். க்ரூஸ் உயரத்தில் அது இரண்டு விதத்தில் ஆபத்து. ஒன்று, ஆயிரம் அடி மேலே இருக்கும் மூன்றாவது விமானத்தின் உயரத்துக்குள் நீங்களே போய்விடுவீர்கள். இரண்டு, பின்னால் வண்டி தள்ளிக்கொண்டு நிற்கும் கேபின் பணியாளர்கள் தூக்கி எறியப்படுவார்கள். பச்சையின் ஓரத்துக்குள் ஊசி வந்துவிட்டால் போதும், அதைத் தாண்டி ஒரு அடிகூடத் தேவையில்லை.

பதில்: ஏவியானிக்ஸ்_மேசை

டி.ஏ.யிலேயே ஏன் வளையக் கூடாது என்ற கேள்விக்கு, பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

டிகாஸ் தன் ஆன்டெனாவிலிருந்து 1030 மெகாஹெர்ட்ஸில் வினாடிக்கு ஒருமுறை கேள்வி அனுப்பும். பக்கத்து விமானத்தின் ட்ரான்ஸ்பாண்டர் (கேள்விக்குத் தானாகப் பதில் அனுப்பும் கருவி) 1090இல் பதில் சொல்லும். பதில் வர எடுத்த நேரத்திலிருந்து தூரம், பதிலுக்குள்ளேயே உயரம். இவை இரண்டும் நம்பகமானவை. திசைதான் பலவீனம். சிறிய ஆன்டெனாவை வைத்து, பதில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஊகிக்கிறது. பல டிகிரி பிசகும். திரையில் 11 மணித் திசையில் தெரிவது உண்மையில் 12இல் இருக்கலாம். அதோடு, திரை உங்களை நடுவில் நிறுத்தி வரைகிற படம். எதிரே இருப்பவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்பது உங்கள் சொந்த நகர்வோடு கலந்து தெரியும். அதைப் பார்த்து இடது பக்கம் வளைந்தால், அவர் மேலேயே போய் விழும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் ஆர்.ஏ. மேலே, கீழே என்று மட்டும் சொல்கிறது; இடது, வலது என்று ஒருபோதும் சொல்லாது.

அடுத்து, எப்போது கத்துகிறது என்பது. அது தூரத்தை வைத்து முடிவு செய்வதில்லை, நேரத்தை வைத்து. இருவரும் மிக நெருங்கும் இடத்துக்கு இன்னும் எத்தனை வினாடி என்று கணக்குப் போடும். 20,000 அடிக்கு மேலே டி.ஏ. 48 வினாடிக்கு முன்னால், ஆர்.ஏ. 35 வினாடிக்கு முன்னால். கீழே வர வர இது குறையும்: 5,000 முதல் 10,000 அடி வரை 40, 25, தரையிலிருந்து 1,000 முதல் 2,350 அடிக்குள் 25, 15. கீழே விமானங்கள் இயல்பாகவே நெருக்கமாகப் பறப்பதால், மேலே உள்ள அளவையே வைத்தால் ஒவ்வொரு அப்ரோச்சிலும் கத்திக்கொண்டே இருக்கும்.

35 வினாடி என்பது ஏராளம் என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். விமானி 5 வினாடிக்குள் அசைக்கத் தொடங்குவார், கால் ஜி (புவியீர்ப்பில் கால் பங்கு) அளவு முடுக்கத்தில் இழுப்பார் என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. கால் ஜி என்றால் நிமிடத்துக்கு 1500 அடி, அதாவது வினாடிக்கு 25 அடி வேகத்தை எட்ட 3 வினாடி ஆகும். ஆக எட்டு வினாடி போயிற்று. மீதி 27 வினாடியில் 27 பெருக்கல் 25, சுமார் 675 அடி. முதல் மூன்று வினாடியில் கிடைத்த கொஞ்சத்தையும் சேர்த்தால் 700 அடியைத் தொடும். அந்த உயரத்தில் டிகாஸ் குறிவைக்கும் இடைவெளி 600 அடி. மிச்சம் நூறு அடிதான். "அது எங்கே இருக்கிறது, பார்க்கலாம்" என்று நான்கு வினாடி தாமதித்தால் அந்த நூறும் போய்விட்டது.

இருவரிடமும் டிகாஸ் இருந்தால், ஒரு பெட்டி "நான் மேலே போகிறேன்" என்று முடிவெடுத்த கணமே அதை மோட் எஸ் (ட்ரான்ஸ்பாண்டர்களின் தரவு இணைப்பு) வழியாக மற்றதிடம் சொல்லிவிடும். மற்றது கீழே என்று தேர்ந்தெடுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் "மேலே" என்று சொல்லிக்கொண்டால், ஒவ்வொரு விமானத்துக்கும் உரிய 24 பிட் முகவரியில் எண் பெரியதாக உள்ள விமானம் தன் முடிவை மாற்றிக்கொள்ளும். உங்களுக்கு "கிளைம்ப்" கேட்கும்போது எதிரே இருப்பவருக்கு "டிசென்ட்" கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஆர்.ஏ.க்கு எதிராக நகர்கிறவர், எதிரே இருப்பவர் போகும் பக்கத்துக்கே தானும் போகிறார்.

எதிரே இருப்பதில் டிகாஸ் இல்லாமல் உயரம் சொல்லும் ட்ரான்ஸ்பாண்டர் மட்டும் இருந்தாலும் ஆர்.ஏ. வரும், பேசி வைத்துக்கொள்வது மட்டும் இருக்காது. உயரம் சொல்லாத ட்ரான்ஸ்பாண்டர் என்றால் டி.ஏ.யோடு நின்றுவிடும். ட்ரான்ஸ்பாண்டரே இல்லையென்றால் உங்கள் டிகாஸுக்கு அப்படியொரு விமானம் வானத்திலேயே இல்லை.

பதில்: ராடார்_அறை

கண்ட்ரோலர் எதிராகச் சொன்னால் யார் பேச்சைக் கேட்பது? ஆர்.ஏ.வைத்தான். எங்கள் பக்கத்திலிருந்தே இதைச் சொல்கிறேன்.

ராடார் திரையில் உங்கள் உயரம் ஆன்டெனா ஒரு சுற்று சுற்றி வந்தால்தான் புதுப்பிக்கப்படும். விமான நிலையத்தை ஒட்டிய ராடாரில் 4, 5 வினாடி. நெடுந்தூர ராடாரில் அதைப்போல இரண்டு மடங்கு ஆகும். டிகாஸ் வினாடிக்கு ஒருமுறை பார்க்கிறது. நீங்கள் ஏறத் தொடங்கியதை நாங்கள் பார்க்கும்போது அது பழைய செய்தி. உங்கள் காக்பிட்டில் ஆர்.ஏ. வந்திருக்கிறது என்பதும், நீங்கள் சொல்லாவிட்டால், எங்களில் பலருக்குத் தெரியாது. ஆகவே நாங்கள் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் உத்தரவு, உங்கள் பெட்டி சொல்வதற்கு நேரெதிராக அமைவது முழுக்க சாத்தியம்.

இதன் விலை என்ன என்று 2002 ஜூலை 1 இரவு தெரிந்தது. தெற்கு ஜெர்மனியில் யூபர்லிங்கன் நகருக்கு மேலே 36,000 அடியில் ரஷ்யாவின் பாஷ்கிரியன் ஏர்லைன்ஸ் டியூ-154ம் டிஹெச்எல் போயிங் 757ம் குறுக்கே வந்தன. அந்த வான்வெளி சூரிச்சின் கட்டுப்பாட்டில் இருந்தது. பணியில் ஒரே கண்ட்ரோலர், இரண்டு மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பராமரிப்பு வேலைக்காக மோதல் எச்சரிக்கை வசதியின் ஒரு பகுதியும் முக்கிய தொலைபேசி இணைப்பும் நிறுத்தப்பட்டிருந்தன.

உலக நேரப்படி 21:34:42க்கு இரண்டு காக்பிட்டிலும் டி.ஏ. 21:34:49க்கு கண்ட்ரோலர் டியூ-154ஐ 35,000 அடிக்கு விரைந்து இறங்கச் சொன்னார். 21:34:56க்கு ஆர்.ஏ.: டியூ-154க்கு "கிளைம்ப்", 757க்கு "டிசென்ட்". டியூ-154 ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது. 21:35:03க்கு கண்ட்ரோலர் மீண்டும் அவசரப்படுத்தினார். டிராஃபிக் 2 மணித் திசையில் இருக்கிறது என்றும் சொன்னார். உண்மையில் அது இடப்பக்கம் இருந்தது. 757 பெட்டி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் அதை ரேடியோவில் சொன்னது 21:35:19க்கு. கண்ட்ரோலர் அப்போது அடுத்த மேசையில் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனுக்கு இறங்க வந்த இன்னொரு விமானத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். 21:35:32க்கு 34,890 அடியில் மோதல். 71 பேர், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

ஆர்.ஏ.க்கும் மோதலுக்கும் நடுவே 36 வினாடி. 757 ரேடியோவில் சொன்னது 23வது வினாடியில். சட்டப்படி எங்கள் கைகளைக் கட்டிப்போடும் சொல் ஒன்று இருக்கிறது: "டிகாஸ் ஆர்.ஏ." அழைப்புப் பெயரோடு அந்த இரண்டு வார்த்தை வந்துவிட்டால் நாங்கள் "ரோஜர்" என்று மட்டும் சொல்ல வேண்டும். உங்கள் பாதையை மாற்றும் எந்த உத்தரவும் தரக் கூடாது. இந்த வார்த்தையை முதல் சில வினாடிகளில் சொல்லுங்கள். ஓட்டுவது முதலில், பேசுவது பிறகு என்பது சரிதான். ஆனால் பேசுவது பி.எம். வேலை, அவர் கை காலியாகத்தான் இருக்கிறது.

ஏற்கெனவே உத்தரவு வந்துவிட்டது, ஆர்.ஏ. அதற்கு எதிராக இருக்கிறது என்றால்: "அனேபிள், டிகாஸ் ஆர்.ஏ." விளக்கம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். முடிந்ததும்: "கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட், ரிட்டர்னிங் டு" என்று பழைய உயரத்தைச் சொல்லுங்கள். டி.ஏ. வந்ததை ரேடியோவில் சொல்ல வேண்டியதில்லை. ஆர்.ஏ. வந்தும் கிளியரன்ஸிலிருந்து (ஏடிசி தந்த அனுமதியிலிருந்து) விலக வேண்டிய தேவை இல்லையென்றால் அதையும் அந்த நேரத்தில் சொல்ல வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் இது நடப்பதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே, 2001 ஜனவரி 31 அன்று ஜப்பானில் கிட்டத்தட்ட இதே மாதிரி நடந்தது. ஜப்பான் ஏர்லைன்ஸின் 907, 958 என்ற இரண்டு விமானங்கள். 958ஐ இறக்க நினைத்த கண்ட்ரோலர் தவறுதலாக 907 என்று அழைத்துவிட்டார். 907க்குப் பெட்டி "கிளைம்ப்" என்றது. கேப்டன் கண்ட்ரோலர் சொன்னபடி இறங்குவதைத் தொடர்ந்தார். 958 பெட்டி சொன்னபடி இறங்கியது. கடைசி நொடியில் கண்ணால் பார்த்துத் தப்பினார்கள். சுமார் 100 பேருக்குக் காயம். எண் மாறிப்போவது யாருக்கும் நேரும் பிழை. ட்ரான்ஸ்பாண்டர் பதிலில் அந்த மாதிரிப் பிழை நேராது.

மறுகேள்வி: ஏ320_பயிலுநர்

மிக்க நன்றி சார். ஆட்டோத்ரஸ்ட் விஷயம் இப்போதுதான் பிடிபட்டது. இன்னும் மூன்று. "லெவல் ஆஃப், லெவல் ஆஃப்" என்று வருவது எதற்கு? ஏற்கெனவே அதிகபட்ச உயரத்தை ஒட்டிப் பறக்கும்போது "கிளைம்ப்" வந்தால் விமானம் ஏறுமா? கண்ணால் பார்த்துவிட்டால் பின்பற்றாமல் இருக்கலாமா?

பதில்: எழுமுப்பத்தேழு_கேப்டன்

நண்பரே, "லெவல் ஆஃப்" பெரும்பாலும் நாமே வரவழைத்துக்கொள்வது. உங்களுக்கு 32,000 அடி வரை ஏற அனுமதி. 33,000இல் ஒருவர் குறுக்கே போகிறார். ஆயிரம் அடி இடைவெளி, எல்லாம் முறைப்படி. நீங்கள் நிமிடத்துக்கு 3000 அடியில் ஏறுகிறீர்கள். நீங்கள் 32,000இல் நிற்கப் போகிறீர்கள் என்பது டிகாஸுக்குத் தெரியாது. அது உங்கள் உயர ஜன்னலில் போட்ட எண்ணைப் படிப்பதில்லை. 3000 அடி வேகத்தில் 35 வினாடி என்றால் 1750 அடி. ஆக நீங்கள் 31,250ஐத் தொடும்போது, கிடைமட்டத்திலும் அவர் அதே நேரத்துக்கு நெருங்கி வருகிறார் என்றால், ஆர்.ஏ. வரும். நீங்கள் நிற்க இன்னும் 750 அடி இருக்கும்போதே.

அதையே கடைசி ஆயிரம் அடியில் 1500ஆகக் குறைத்துவிட்டால், 35 வினாடிக்கு 875 அடிதான். அந்த இடைவெளிக்கு முன்பே, ஆயிரம் அடி கீழே, நீங்கள் சமன் ஆகியிருப்பீர்கள். ஆர்.ஏ.வே வராது. கடைசி ஆயிரம் அடியில் 1500க்குள் வை என்ற விதியின் காரணம் இந்த ஒரு வகுத்தல் கணக்குதான். பக்கத்து உயரத்தில் யாரோ இருக்கிறார் என்று தெரிந்தால் வி/எஸ் (செங்குத்து வேகம்) மோடுக்கு மாறி 1000 அல்லது 1500 வையுங்கள்.

டிகாஸ் மென்பொருளின் பழைய 7.0 பதிப்பில் இந்த இடத்தில் "அட்ஜஸ்ட் வெர்டிகல் ஸ்பீட், அட்ஜஸ்ட்" என்று வரும். ஏறுவதைக் குறை என்று அர்த்தம். கேட்டவர்களில் சிலர் கூட்டிவிட்டார்கள். அப்படி எதிர்த்திசையில் போன நிகழ்வுகள் தொடர்ந்து வந்ததால்தான் 7.1 பதிப்பில் அதை எடுத்துவிட்டு, எந்தச் சந்தேகமும் இல்லாத "லெவல் ஆஃப்" வைத்தார்கள். யூபர்லிங்கனில் இருவரும் ஒரே பக்கம் இறங்கியும் பெட்டி உத்தரவைத் திருப்பிப் போடாத குறையையும் அதே பதிப்பில் சரி செய்தார்கள். "லெவல் ஆஃப்" கேட்டால் செய்ய வேண்டியது ஊசியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது, அவ்வளவே. எதிர்ப்பக்கம் தாண்டிப் போகக் கூடாது.

முதல் ஆர்.ஏ. வந்த பிறகும் காதைத் திறந்து வைத்திருங்கள். "இன்கிரீஸ் கிளைம்ப்" என்றால் 1500 போதவில்லை, 2500 வேண்டும். "டிசென்ட், டிசென்ட் நவ்" என்று "நவ்" சேர்ந்து வந்தால் உத்தரவு தலைகீழாகிவிட்டது என்று பொருள். எதிரே இருப்பவர் தவறான பக்கம் போயிருப்பார். இந்த இரண்டுக்கும் 5 வினாடி கிடையாது, இரண்டரைதான், இழுப்பதும் 0.35 ஜி அளவில்.

அதிகபட்ச உயரத்தில் ஏறுமா என்றால், ஏறும். ஆர்.ஏ. கேட்பது நீண்ட ஏற்றமில்லை. 30 வினாடி, 750 அடி. எஞ்சின் கூடுதலாக எதுவும் தராமல் வேகத்தை மட்டும் செலவழித்து ஏறினாலும், 460 நாட்டில் பறக்கும் விமானம் 750 அடிக்கு விலையாகக் கொடுப்பது உண்மை வேகத்தில் 18 நாட் அளவு. குறியீட்டு வேகத்தில் பத்து நாட். க்ரூஸில் அந்த அளவு இடம் பொதுவாக இருக்கும். "இந்த எடையில் ஏறாது" என்று நினைத்து இறங்கிவிடுவதுதான் ஆபத்து. ஸ்டிக் ஷேக்கர் (ஸ்டால் எச்சரிக்கை) வந்தால் மட்டும் அதற்கு மரியாதை கொடுங்கள். ஸ்டால், விண்ட்ஷியர் (திடீர் காற்று மாற்றம்), ஜி.பி.டபிள்யூ.எஸ். மூன்றின் எச்சரிக்கைக்கும் டிகாஸைவிட முன்னுரிமை. ஒரு எஞ்சின் போய்விட்டால் கதை வேறு, ஏற முடியாது என்பதால் டிகாஸை "டி.ஏ. ஒன்லி"க்கு மாற்றச் சொல்லும் செக்லிஸ்ட் அதற்காகத்தான்.

கண்ணால் பார்த்தாலும் ஆர்.ஏ.வைப் பின்பற்றுங்கள். நீங்கள் பார்ப்பது அந்த விமானம்தானா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. இரவில் விளக்கு மட்டும் தெரியும். அதன் உயரமும் தூரமும் கண்ணுக்குப் பிடிபடாது. பகலில்கூட மேகத்தின் மேல்விளிம்பு சாய்வாக இருந்தால், ஆயிரம் அடி கீழே இருப்பவர் உங்கள் மட்டத்தில் இருப்பது போலத் தெரிவார்.

போயிங்காரர்களுக்கு ஒரு வரி: 737இல் ஆட்டோபைலட்டோடு ஆட்டோத்ராட்டிலையும் துண்டிக்க வேண்டும், சக்தியைக் கையால் வைக்க வேண்டும். பி.எஃப்.டி.யில் சிவப்புக் கோட்டு வடிவம் வரும். விமானக் குறியை அதற்கு வெளியே கொண்டுவந்தால் போதும். ஏர்பஸ் முறையை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள்.

பதில்: சிம்_ஆசிரியர்

மேலே கேப்டன் சார் சொன்னதோடு தாழ்ந்த உயரத்தைப் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து 1550 அடிக்குக் கீழே "இன்கிரீஸ் டிசென்ட்" வராது. 1100க்குக் கீழே "டிசென்ட்" வராது. 1000க்குக் கீழே ஆர்.ஏ.வே கிடையாது, டி.ஏ. மட்டும். 500க்குக் கீழே குரலும் நின்றுவிடும். எல்லாமே நூறு அடி முன்பின். ஃபைனலில் "கிளைம்ப்" வந்தால் கோ-அரவுண்ட்தான் (இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் ஏறுவது). லேண்டிங் ஃபிளாப்போடு மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு, எப்படியும் ரன்வேயைப் பிடித்துவிடலாம் என்று காத்திருக்கக் கூடாது.

"கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்" கேட்டதும் நிறையப் பேர் மூச்சை விட்டுவிட்டு அப்படியே ஏறிக்கொண்டிருப்பார்கள். விலகல் 300 முதல் 500 அடிக்குள் முடிய வேண்டியது, ஆயிரத்தைத் தாண்டிவிடும். அந்தக் குரலோடு உடனே பழைய உயரத்துக்குத் திரும்பத் தொடங்குங்கள். எஃப்.டி.களைப் போட்டதும் எஃப்.எம்.ஏ.வைப் படியுங்கள், பழைய மோடில் வராது, எஃப்.டி. போட்டால் பேசிக் மோடில் வி/எஸ், ஹெட்டிங் என்றுதான் வரும். உயர ஜன்னலில் எண் சரியாக இருக்கிறதா, நாவ் (போட்ட வழியைப் பின்தொடரும் மோடு) மீண்டும் பிடித்துவிட்டதா என்று பார்த்த பிறகு ஆட்டோபைலட். இந்த இடத்தில்தான் ஹெட்டிங்கிலேயே போய், வழியில் இருந்த திருப்பத்தைத் தவறவிடுவார்கள்.

பக்கவாட்டில் ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருந்தால் அந்தத் திருப்பத்தை நிறுத்த வேண்டாம். ஆர்.ஏ.வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பதில்: ஏவியானிக்ஸ்_மேசை

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், மேலே ட்ரான்ஸ்பாண்டர் பற்றிச் சொன்னதன் தொடர்ச்சி. 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலில் அமேசான் காட்டுக்கு மேலே 37,000 அடியில் கோல் 1907, போயிங் 737-800, ஒரு லெகசி 600 ஜெட்டோடு மோதியது. 737இல் இருந்த 154 பேரும் இறந்தார்கள். லெகசி அடிபட்ட இறக்கையோடு ஒரு விமானப்படைத் தளத்தில் இறங்கியது. மோதல் நேரத்தில் லெகசியின் ட்ரான்ஸ்பாண்டர் பதிலே சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அதனால் 737இன் டிகாஸ் அதைப் பார்க்கவில்லை. லெகசியின் சொந்த டிகாஸும் வேலை செய்யவில்லை, ஏனென்றால் ட்ரான்ஸ்பாண்டர் இல்லாமல் டிகாஸ் இயங்காது. இரண்டு காக்பிட்டிலும் ஒரு குரல்கூட எழவில்லை.

இந்தியாவிலும் 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரியில் சவுதியா 747ம் கஜகஸ்தான் இல்யூஷின்-76ம் மோதி 349 பேர் இறந்த பிறகுதான் விமானப் போக்குவரத்து ஆணையமான டிஜிசிஏ டிகாஸைக் கட்டாயமாக்கியது. பெரிய பயணிகள் விமானங்களில் பெட்டி இருக்கிறது இப்போது. சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் ஒவ்வொரு பறத்தலிலும் பார்க்க வேண்டியது. பெடஸ்டலில் (இரு விமானிகளுக்கும் நடுவே உள்ள பலகையில்) ட்ரான்ஸ்பாண்டர் "ஸ்டாண்ட்பை"யில் இல்லை, உயரத் தகவல் "ஆன்", டிகாஸ் "டி.ஏ./ஆர்.ஏ." ரன்வேக்குள் நுழையும் முன் கையால் தொட்டுப் பாருங்கள். பறக்கும்போது கால் வைக்கும் பலகையோ, மடிக்கணினியோ, சாப்பாட்டுத் தட்டோ அந்தப் பேனல் மேல் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோளாறு காட்டும் திரையான ஈ.சி.ஏ.எம்.மில் ட்ரான்ஸ்பாண்டர் கோளாறு வந்தால் அடுத்த சிஸ்டத்துக்கு மாற்றுங்கள். மாற்றியும் வரவில்லையென்றால் உடனே ஏடிசியிடம் சொல்லுங்கள், அவர்களுக்கும் உங்கள் உயரம் தெரியாமல் போயிருக்கும்.